எருக்குழிச் சூட்டில் வாழும் உயிர்

நம்பிக்கை: நெருப்பின் முன் எந்தக் கிருமியும் நிற்காது.

அக்கினித் தலமான திருவண்ணாமலையில் இதை மறுப்பது எளிதல்ல. ஆனாலும் மார்கழி விடியலில் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய் எருக்குழியைக் கிளறிப் பாருங்கள். ஆவி பறக்கும், கைவைத்தால் சுடும். அந்தச் சூட்டை உண்டாக்குவதே நுண்ணுயிர்கள்தான். பல கிருமிகள் மடியும் 60 டிகிரி செல்சியஸில் சில இனங்கள் செழித்துப் பெருகுகின்றன. 1942இல் குதிரைச் சாணத்திலிருந்து பிரித்தெடுத்ததாக அறிவிக்கப்பட்ட மூரெல்லா தெர்மோஅசெட்டிகா அப்படி ஒன்று. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை.

நம்பிக்கை: கழிவு வாயு யாருக்கும் உதவாது.

கழிவு வாயுவில் வரும் கார்பன் மோனாக்சைடு நமக்கு நஞ்சு, மூரெல்லாவுக்கோ உணவு. அதோடு ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டு, வினிகருக்குப் புளிப்புத் தரும் அசெட்டிக் அமிலத்தை அது உண்டாக்கும். ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் மரபணுக்களை மாற்றி, வாயுவிலிருந்து அசிட்டோன் செய்ய வைத்ததை 2021இல் வெளியிட்டார்கள். நகப்பூச்சை அழிக்கும் அதே திரவம். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். மூரெல்லாவுக்குப் பிடித்த சூடும் ஏறக்குறைய அதுவே. தொட்டியில் உருவாகும்போதே பொருள் ஆவியாகிப் பிரிய வழி பிறக்கிறது. வடித்தெடுக்கச் செலவாகும் எரிபொருள் மிச்சம், வேறு கிருமி புகும் பயமும் குறைவு. சூட்டை விரும்பும் உயிரைத் தேடிப்போனதன் பலன் இங்கேதான் தெரிகிறது.

நம்பிக்கை: இதெல்லாம் வெளிநாட்டு ஆய்வகக் கதை.

இந்தியன் ஆயில் நிறுவனம் லான்சாடெக் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் அரியானாவின் பானிப்பட்டு சுத்திகரிப்பு ஆலையில், ஹைட்ரஜன் பிரிவின் கழிவு வாயுவை எத்தனாலாக்கும் ஆலை கட்டியிருக்கிறது. நாளொன்றுக்கு 128 கிலோலிட்டர் திறன். அங்கே உழைக்கும் நுண்ணுயிர் மட்டும் நம் உடற்சூட்டில் வாழ்கிற வேறு இனம்; முயல் புழுக்கையில் முதலில் கண்டெடுக்கப்பட்டது. அந்த எத்தனால் வண்டியில் எரியும்போது கார்பன் மீண்டும் காற்றுக்கே போகும். அதே கார்பன் இரண்டு முறை பயன்படுகிறது, அந்த அளவுக்குப் பெட்ரோல் மிச்சம். கார்பன் காற்றுக்குத் திரும்புவதைச் சொல்லாமல் ‘புகையில்லா உலகம்’ என்று பேசுவது தவறு.

நம்பிக்கை: இந்த நுண்ணுயிர்த் தொட்டியை எந்தப் புகைபோக்கியிலும் பொருத்திவிடலாம்.

ஆரணி அரிசி ஆலைப் புகையில் இந்த நுண்ணுயிர்கள் பிழைக்காது. அது எரிந்து முடிந்த வாயு: பெரும்பகுதி நைட்ரஜன், கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு, மிச்சம் மீதி ஆக்சிஜன். ஆக்சிஜன் பட்டால் இந்த உயிர்களின் வேலை நின்றுவிடும். சாம்பலை மறுபடி மூட்ட முடியாததுபோல, தனியாக ஹைட்ரஜன் தராமல் கார்பன் டை ஆக்சைடிலிருந்து எதுவும் பெற முடியாது. உமியைக் காற்றைக் குறைத்துச் சூடாக்கி வாயுவாக்கி, தாரை நீக்கினால் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். அதற்கு அடுப்பையே மாற்றிக் கட்ட வேண்டும்.