பழைய ஃபைபர் கார்: கெட்டது பெயின்டா, உடம்பா?

நண்பரின் டால்ஃபின் காருக்கு ஐந்து ஆண்டில் மூன்று முறை பெயின்ட் அடித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பானட்டில் கடுகு தாளித்தது போலக் கொப்புளங்கள் எழுந்துவிடும். கடைசியாக அடித்த பெயின்டர் "ஃபைபர் வண்டின்னா அப்படித்தான் சார்" என்று கை விரித்துவிட்டார். அப்படியெல்லாம் இல்லை.

சிப்பானி டால்ஃபின் 1980களில் பெங்களூரில் தயாரானது. இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டன் வழி வந்த வண்டி, 848 சிசி எஞ்சின், உடம்பு முழுக்க ஃபைபர். சோழவரம் கார் பந்தயங்களில் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்ததில் ஃபைபரின் எடைக்குறைவுக்குப் பெரிய பங்கு உண்டு. தகட்டுக்கு வரும் துரு இதற்கு வராது. தோல் வியாதிகள் வேறு.

இந்த மாதிரி வண்டியின் தோலை உள்ளிருந்து பார்த்தால் முதலில் ரெசினில் ஊறிய கண்ணாடி நார் மேட், அதன்மேல் ஜெல்கோட் என்ற ரெசின் பூச்சு, பிறகு பிரைமர், பட்டி, பெயின்ட். கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பதுதான் பணம் கரைவதற்குக் காரணம். இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்காவின் ஃபைபர் காரான கொர்வெட்டை வைத்திருப்பவர்கள் சொல்லும் யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் பேனல்கள் அச்சுக்கு நடுவில் அழுத்தி எடுத்தவை, ஜெல்கோட் கிடையாது. அங்கே பெயின்டைச் சுரண்டினால் நேராக ஃபைபர். இங்கே நடுவில் ஒரு கவசம் இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டும்.

இரும்பு காருக்கு வைக்கும் காந்த வகை பெயின்ட் அளவி இதில் வேலை செய்யாது. அதற்குப் பதில் கண்ணுக்கு உறுத்தாத ஒரு மூலையில் 320 வாட்டர் பேப்பரால் இரண்டு அங்குல வட்டம் தேய்த்துப் பாருங்கள். மர வளையம் போல அடுக்குகள் தெரியும். நண்பரின் பானட்டில் சிவப்பு, சாம்பல், கிரீம், மறுபடி சிவப்பு, பட்டி, இன்னொரு பட்டி, கடைசியில்தான் பழைய மஞ்சள். அவ்வளவு கனத்தை எந்த வண்டியும் தாங்காது.

கொப்புளம் என்றால் ஊசியால் ஒன்றைக் குத்துங்கள். உள்ளே சும்மா காற்றோ பச்சைத் தண்ணீரோ இருந்து, அடியில் பட்டியோ பிரைமரோ தெரிந்தால் பிரச்சினை மேல் அடுக்குகளில். புளித்த, வினிகர் போன்ற வாடையோடு பிசுபிசுப்பாக வந்தால் ஈரம் ஜெல்கோட்டைத் தாண்டி ரெசினையே தொட்டுவிட்டது. படகுகளில் இது சகஜம், கார்களில் அபூர்வம். நண்பரின் வண்டியில் வந்தது தண்ணீர்தான். விசாரித்தபோது விஷயம் புரிந்தது. பட்டியை போர்வெல் தண்ணீர் விட்டுத் தேய்த்து, சாயங்காலமே பிரைமர் அடித்திருக்கிறார்கள். பட்டி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். அந்தத் தண்ணீரில் இருந்த உப்பு உள்ளேயே தங்கி, மழைக்காலத்தில் வெளி ஈரத்தையும் இழுத்துக்கொண்டது. ஃபைபர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதற்கு இரண்டு வழி. கொப்புளம் ஒரே பேனலில், கைப்பிடி அளவு இடத்தில் என்றால் அங்கே மட்டும் ஜெல்கோட் வரை இறக்கி, பட்டியை உலர்வாகவே தேய்த்து எழுப்பலாம். பரவலாக இருந்தால் பேனல் முழுவதையும் உரிப்பதே மலிவு. திட்டுத்திட்டாகச் செய்தால் ஆண்டுக்கு ஒரு முறை பெயின்டருக்குச் சந்தா கட்டுவது மாதிரி. புளித்த வாடை வந்தாலோ, ஜெல்கோட்டை அந்த இடத்தில் அரைத்தெடுத்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, வெயில் காலத்தில் வாரக்கணக்கில் காயவிட்டு, எபாக்சியால் அடைக்க வேண்டும்.

உரிக்க பெயின்ட் ரிமூவர் தடவலாமா என்று கேட்பார்கள். இரும்புக்கு அது வரப்பிரசாதம். ஃபைபரில் அது பெயின்டோடு ரெசினையும் இளக்கி, நுண்துளைகளில் ஒளிந்திருந்து பிறகு புதுப் பெயின்டைத் தூக்கும். மணல் பிளாஸ்டிங் ஜெல்கோட்டைக் கொத்தி நாரை வெளியே காட்டிவிடும். கையால், 80இல் தொடங்கி 180, பிறகு 320 உப்புத்தாள். நான்கு நாள் வேலை, தோள்பட்டை வலி, மூக்கில் முகமூடி. எனக்குத் தெரிந்து வேறு குறுக்குவழி இல்லை.

விரிசலுக்கு வருவோம். பெயின்ட் நீக்கிய பிறகு விரிசல் காணாமல் போனால் அது கனத்த பெயின்டின் வெடிப்பு, அவ்வளவுதான். ஜெல்கோட்டிலும் தொடர்ந்தால் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். கணீரென்று வந்தால் சரி. பொத்தென்று அமுங்கிய சத்தம் வந்தால் மேட் அடுக்கு பிரிந்திருக்கிறது. நட்சத்திரம் போலப் பரவியது அடி விழுந்த இடம். கதவுக் கீல், பானட் கீல் ஓரத்து விரிசல் பேனல் ஆடுவதால் வருவது. அதற்கு முதலில் பின்பக்கம் மேட் ஒட்டி உறுதியாக்கி, பிறகுதான் முன்பக்கம் கை வைக்க வேண்டும். முன்னால் மட்டும் பட்டி வைத்தால் சீக்கிரமே அதே கோடு மறுபடி தெரியும்.

ஒட்டுவதற்கு பாலியெஸ்டரா, எபாக்சியா? எபாக்சி பிடிமானத்தில் உசத்தி, விலையும் அதிகம். ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண மேட்டின் இழைகளைக் கட்டிவைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் கரையும், எபாக்சியில் கரையாது. எபாக்சி என்றால் நெய்த கிளாத் வாங்குங்கள். எபாக்சிமேல் பிறகு பாலியெஸ்டர் ஒட்டவும் தயங்கும். மேட் ஒட்டும் பெரிய வேலைக்குப் பழைய உடம்போடு ஒத்துப்போகும் பாலியெஸ்டரையும், ஊசி விரிசலுக்கு எபாக்சியையும் நான் தேர்ந்தெடுப்பேன். பாலியெஸ்டர் வாங்கினால் ரெசின், கோபால்ட், கேட்டலிஸ்ட் என்று மூன்றாகக் கொடுப்பார்கள். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட். அவை இரண்டையும் நேராக ஒன்றாக ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

பெயின்டில் எது? தின்னர் நனைத்த பஞ்சை மேலே இருக்கும் பெயின்டில் வைத்துத் தேய்த்தால் அதன் ஜாதி தெரியும். நிறம் பஞ்சில் ஏறினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்), சுருங்கிக் கிளம்பினால் எனாமல், அசையாவிட்டால் பி.யு. (பாலியுரித்தேன்). சுருங்கும் எனாமல்மேல் என்.சி. அடித்தால் மறுபடி முதலிலிருந்து. என்.சி. தொட்டுச் சரிசெய்ய எளிது, ஆனால் வெயிலில் வெளுத்து, வெடிக்கும். ஆடும் பேனலுக்கு பி.யு. நல்லது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதன் புகை நுரையீரலுக்கு மோசம் என்பதால் வீட்டு வாசலில் அடிக்கும் வேலை இல்லை.

பூத்தில் சூடேற்றி உலர்த்தினால் இரும்பு காருக்கு வைக்கும் 60 டிகிரி வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். பழைய ரெசின் அந்தச் சூட்டில் இளகி, மேட்டின் நார்க் கோலம் பெயின்டில் பதியும். கறுப்பு, கரு நீலம் அடித்த வண்டிகளில் மே மாத வெயிலே அந்த வேலையைச் செய்து முடித்துவிடும். நண்பர் இந்த முறை கிரீம் நிறத்துக்கு இறங்கி வந்திருக்கிறார். பானட் உரித்து இரண்டு வாரமாக மாடியில் காய்கிறது, பட்டி டப்பாவை இன்னும் திறக்கவில்லை.