கல்லில் எழுந்த நாணயம்

செல்வத்தைப் பிறரிடம் ஒப்படைப்போர் முதற்கண் நாடுவது நம்பிக்கையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஒரு வங்கி முறிந்தால், அதில் பணம் இட்டோருக்கு ஈடுசெய்ய அரசின் காப்புறுதி ஏதும் இல்லை. ஆகவே, வங்கியார் தம் உறுதியைக் கட்டடத்தின் வாயிலாகவும் மக்களுக்குக் காட்ட விழைந்தனர். இலண்டன் மாநகரின் வாணிகப் பகுதியில், பிஷப்ஸ்கேட் தெருவில் நிற்கும் கிப்ஸன் மண்டபம் இதற்குச் சிறந்த சான்றாகும்.

நேஷனல் புரொவின்ஷியல் வங்கி 1833-ஆம் ஆண்டில் தோன்றியது. பங்குதாரர் பலர் கூடி நடத்தும் வங்கி, பணத்தாள் வெளியிடுமாயின், இலண்டனைச் சூழ்ந்த 65 மைல் எல்லைக்குள் வங்கித் தொழில் செய்தல் கூடாது என்பது அந்நாளைய விதி. எனவே, அவ்வங்கி தலைமையகத்தைத் தலைநகரில் வைத்திருந்தும், பிற ஊர்களிலேயே தொழில் நடத்தியது. 1866-இல் பணத்தாள் வெளியிடும் உரிமையைத் துறந்து, இலண்டனில் தொழில் தொடங்கிற்று. அதன் பொருட்டு எழுந்ததே இம்மாளிகை. ஜான் கிப்ஸன் என்னும் கட்டடக்கலைஞர் இதனை வகுத்தார்.

இதற்கு மாடி இல்லை. ஆயினும், ஓங்கிய கொரிந்தியத் தூண்கள் இதற்குக் கோயிலின் மாட்சியை அளிக்கின்றன. சாளரங்களின் மேல் உழவு, வாணிகம், கைத்தொழில் முதலியவற்றை விளக்கும் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. உச்சியில் நிற்கும் உருவங்களுள் சில, மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற நகரங்களைக் குறிப்பன. நாட்டின் உழைப்பே வங்கியின் முதல் என்பதை இவை உணர்த்துகின்றன அல்லவா? உள்ளேயுள்ள பெருங்கூடத்தில், கண்ணாடிக் குவிமாடங்கள் வழியே பகலொளி பொழிகின்றது.

அதே 1866-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், அண்மையிலிருந்த லம்பார்டு தெருவின் புகழ்மிக்க ஓவரெண்டு கர்னி நிறுவனம் கடன் தீர்க்க இயலாது கதவடைத்தது. அதனால் வேறு பல நிறுவனங்களும் சரிந்தன. தூண்கள் நம்பிக்கையைத் தோற்றுவிக்கலாம். அதனைக் காப்பது நேர்மையான நடத்தையே. தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது எத்துணைப் பொருத்தம்!

நேஷனல் புரொவின்ஷியல் வங்கி 1970-இல் வேறொரு வங்கியுடன் இணைந்து, தன் பழைய பெயரை இழந்தது. புதிய கோபுரக் கட்டடம் எழுப்புவதற்காக இம்மாளிகையை இடிக்கவும் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே, திட்டம் மாற்றப்பட்டது. 1980-இல் நிறைவெய்திய 183 மீட்டர் உயரக் கோபுரம் இன்று இதனருகே நிற்கின்றது. பழைய மண்டபமோ விருந்துகளும் கூட்டங்களும் நிகழும் இடமாகத் திகழ்கின்றது.

பயன் மாறினும் பழம்பெருங் கட்டடம் வாழக்கூடும். அதனை இடித்தல் ஒரு நாட்செயல். மீண்டும் பெறுதல் எந்நாளும் அரிது.