உறைந்திருக்கும் கருவும் திறக்காத கடிதமும்

ஃபிரீசரில் வைத்த தண்ணீர்ப் போத்தல் வெடிப்பதைக் கண்டிருப்பீர்கள். உயிர்க்கலத்தை அப்படியே உறையவைத்தாலும் இதே கதிதான். உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி அதைச் சிதைத்துவிடும்.

1949இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த ஆய்வுகூடத்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் சகாக்களும் சேவல் விந்தை உறையவைக்க முயன்றனர். சர்க்கரைக் கரைசல் என்று எண்ணி எடுத்த போத்தலில் கிளிசரின் இருந்தது. விந்து பிழைத்துக்கொண்டது! (வெடித்த உதட்டுக்குப் பூசும் அதே கிளிசரின்தான்.) இது கலத்தினுள் புகுந்து, பனிக்கட்டி உருவாவதைக் குறைக்கிறது. இத்தகைய பாதுகாப்புத் திரவங்களால்தான் 1972இல் எலிக் கருக்கள் உறைநிலையைத் தாண்டின. 1973இல் கேம்பிரிட்ஜில் ஃபிரோஸ்டி என்ற கன்று பிறந்தது. 1984இல் மெல்போர்னில் ஒரு பெண் குழந்தை.

இன்று எம்மவர் பலரின் கருக்களும் திரவ நைதரசனில், -196 பாகை செல்சியஸில் இருக்கின்றன. 2022 ஜூலை முதல் இந்நாட்டில் 55 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். ஆனால் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை சம்மதத்தைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் கருவை அகற்றிவிடுவார்கள். உறவினருக்குத் தெரியக்கூடாதென்று கிளினிக்கின் கடிதத்தைத் திறக்காமலே லாச்சிக்குள் வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து திறந்து பாருங்கள். வீடு மாறினால் கிளினிக்குக்குப் புதிய விலாசத்தை உடனே கொடுங்கள்.