கரையில் நிற்பவருக்குக் கிடைக்கும் படம்

சிரஞ்சீவி இளங்கோவுக்கு, பெரியப்பாவின் ஆசீர்வாதம்.

நீர்ப்பறவை மீன் பிடிப்பதைப் படம் எடுப்பது பறவைப் படங்களிலேயே கடினமான வேலை. கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நல்ல லென்ஸும் வெளிச்சமும் போதும். மீன் பிடிக்கும் பறவைக்கு அவை போதாது. அடுத்த நொடியில் அது என்ன செய்யப்போகிறது என்பது எடுப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அலகு தண்ணீரைத் தொட்டபிறகு விரலை அழுத்துகிறவருக்குத் தெறித்த நீரும் பறவையின் முதுகும்தான் மிஞ்சும். ஆகவே கேமராவுக்கு முன்னால் பறவையின் வேலைமுறை.

கொக்கு கண்ணால் வேட்டையாடும். சின்ன வெண்கொக்கு ஆழமில்லாத நீரில் ஒரு பாதத்தை நடுக்கி, சேற்றைக் கலக்கி, ஒளிந்திருக்கும் சிறுமீனை ஓடவைக்கும். அந்த மஞ்சள் பாதம் நடுங்கத் தொடங்கியதுமே கேமரா கண்ணருகில் இருக்க வேண்டும். சாம்பல் நாரை இதற்கு நேர்மாறு. வெகுநேரம் அசையாமல் நிற்கும். மடித்த கழுத்து இறுகி, தலை மட்டும் மெல்ல முன்னால் நகர்வது குத்துக்கு முந்தைய அறிகுறி. ஒளிவிலகலால், மேலிருந்து பார்க்கையில் நீருக்குள் இருக்கும் மீன் அதன் உண்மையான ஆழத்தில் முக்கால் பங்கில் இருப்பதாகவே தோன்றும். கடற்கரைக் கொக்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், அவை இந்தப் பிழையைத் திருத்திக்கொண்டு குத்துவது தெரியவந்திருக்கிறது.

மஞ்சள்மூக்கு நாரைக்குக் கண் தேவையில்லை, தொடுவுணர்வே போதும். பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டு, இப்படியும் அப்படியும் துழாவியபடி நடக்கும். காலால் கலக்கும், சில வேளை ஒரு சிறகை விரித்து மீனை மிரட்டும். மீன் அலகில் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். இதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க நாரையில் அந்த மூடலை அளந்தபோது, நொடியின் ஆயிரத்தில் 25 பங்கு நேரம்தான் பிடித்தது. நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆயிரத்தில் 50 பங்கு இடைவெளி இருக்கிறது. அந்தக் கவ்வலைப் பிடிப்பது குருட்டு அதிர்ஷ்டம். அதற்கு அடுத்த நொடியில், தலை உயர்ந்து, மீன் அலகு நுனியிலிருந்து தொண்டைக்குத் தூக்கிப் போடப்படுகிறதே, அதுதான் எடுக்கத்தக்க படம்.

பாம்புத்தாராவுக்கும் இதுவே பொருந்தும். அது நீருக்குள் நீந்திப்போய், கூரிய அலகால் மீனின் விலாவில் குத்தும். கழுத்தெலும்பின் அமைப்பு அந்தக் குத்துக்கு விசை தருகிறது. வேட்டை முழுவதும் தண்ணீருக்கடியில் நடப்பதால் கரையிலிருப்பவர் அதைப் பார்க்கவே முடியாது. கழுத்து மட்டும் மேலே வரும்போது அலகில் மீன் செருகியிருக்கும். அதை உதறி, காற்றில் எறிந்து, தலைப்பக்கம் முதலில் வரும்படி பிடித்து விழுங்கும். துடுப்பு முள் தொண்டையில் மாட்டாமல் மடங்கிப்போக அதுவே வழி. மீன் பிடிக்கும் பறவைகள் பெரும்பாலும் இப்படித்தான் விழுங்குகின்றன. காற்றில் மீன், திறந்த அலகு, தெறிக்கும் துளிகள் மூன்றும் ஒரே படத்தில் வரும் சந்தர்ப்பம் இது. நீர்க்காகம் குத்தாது, கொக்கிபோல் வளைந்த அலகால் கவ்வும்.

புதிதாகப் பழகுபவருக்குக் கருப்பு வெள்ளை மீன்கொத்தியே சிறந்த ஆசான். மற்ற மீன்கொத்திகள் பெரும்பாலும் கிளையிலிருந்து பாய, இது தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். காற்றை எதிர்த்து நிற்கும் என்பதால் எந்தப் பக்கம் பார்க்கும் என்பதையும் முன்கூட்டிச் சொல்லிவிடலாம். சில சமயம் பாதி இறங்கி, மறுபடி நின்று, குறி பார்த்துப் பாயும். மார்பில் இரண்டு கருப்புப் பட்டை இருந்தால் ஆண், ஒன்று என்றால் பெண். விரால் அடிப்பான் குளிர்கால விருந்தாளி. கால்களை முன்னே நீட்டி நீரில் விழும். எழுந்து பறக்கும்போது மீனின் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொள்ளும். கூழைக்கடா அலகுப் பையால் நீரோடு அள்ளி, நீரை வடியவிட்ட பிறகே விழுங்கும். அந்த வடியும் நேரம் நிதானமாக எடுக்க இடம் கொடுக்கும். ஆலாக்கள் வேகமானவை, அவற்றைக் கடைசியில் பழகலாம். பூநாரை மீன் பிடிப்பதே இல்லை. அது தலைகீழாக அலகைக் கவிழ்த்து, நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை வடிகட்டித் தின்னும். மீன் பிடிக்கும் படத்துக்காகப் போகிறவர் பூநாரைக் கூட்டத்தின் பின்னால் அலைவதில் பொருளில்லை. பழவேற்காடு ஏரிக்குப் போகும் பலர் அலைவது அதன் பின்னால்தான்.

இடமும் பருவமும் அடுத்தவை. வேடந்தாங்கலில் கூடுகளையும் குஞ்சுகளையும் பார்க்கலாம், மீன் பிடிப்பதைப் பார்ப்பது அரிது. அங்கே கூடு கட்டிய பறவைகள் இரைக்குப் போவது சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும். ஆகவே செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ஏரிக்கரைகளே படத்துக்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறப் பார்க்கும். கொக்கும் மடையானும் கலங்கலின் கல்வரிசையில் காத்து நிற்கும். தை முடிந்து நீர் வற்றத் தொடங்கினால் மீனெல்லாம் எஞ்சிய குட்டைகளில் குவியும். பங்குனி, சித்திரையில் அப்படிப்பட்ட ஒரு குட்டையைச் சுற்றி நாரை, கொக்கு, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் ஒன்றாக இறங்கும். மார்கழிக் குளிரில் ஓடுபவர்கள் இந்த வெயில் மாதங்களை விட்டுவிடுகிறார்கள். அத்தை வீட்டு ஏரியின் மடைப்பக்கம் சித்திரையில் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. அங்கே தங்க இடமும் உண்டு, சாப்பிட்டாயா என்று கேட்க ஆளும் உண்டு.

நேரம் என்றால் விடிந்ததிலிருந்து காலை 8.30 வரை. 9 மணிக்கு மேல் நீர்ப்பரப்பின் மேல் கானல் எழும்பி, தொலைவிலுள்ள பறவையின் இறகு வரிகளைக் குழப்பிவிடும். அதை எந்த விலை லென்ஸாலும் தீர்க்க முடியாது. வடகிழக்குக் காற்று அடிக்கும் நாளில் பறவை வடகிழக்கைப் பார்த்தே எழும்பும், இறங்கும். கதிரவனும் கிழக்கில் இருப்பதால் முகத்தில் வெளிச்சம் விழும். முகத்துவாரங்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் பார்க்க வேண்டும். சென்னைப் பக்கத்துக் கடலில் ஏற்ற வற்ற வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்றாலும், தட்டையான கழிமுகத்தில் அது பெரும் பரப்பை மூடித் திறக்கும். வற்றத்தில் மீன் வாய்க்கால்களுக்குள் ஒதுங்கும்போது கொக்குகள் அங்கே வரிசை கட்டும்.

கேமராவைப் பொறுத்தவரை சில எண்கள் போதும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாயும் பறவை 1/2000 நொடியில் 5 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கண் கூர்மையாக விழ 1/3200 வேண்டும். நின்று குத்தும் கொக்குக்கு 1/1600 போதும். 600 மி.மீ. லென்ஸில், முழுச்சட்டக் கேமராவில், 15 மீட்டர் தொலைவில், எஃப் 5.6 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 20 சென்டிமீட்டர். சின்ன வெண்கொக்கின் நீளமே சுமார் 60 சென்டிமீட்டர். எனவே ஃபோகஸ் கண்ணில் இருக்க வேண்டும், சிறகு நுனி மங்கினால் பாதகமில்லை. எஃப் 8 வைத்தால் அந்த ஆழம் 30 சென்டிமீட்டராகும். தொடர் ஃபோகஸ், பறவைக் கண்ணைத் தேடும் வசதி, தானியங்கி ஐஎஸ்ஓ மூன்றும் இன்றைய கேமராக்களில் நம்பத்தக்கவை. விரலை அழுத்துவதற்கு முந்தைய அரை நொடியையும் சேமித்து வைக்கும் வசதி இருந்தால் மீன்கொத்திக்கு அதுவே பெரிய துணை. இருண்ட நீரில் வெள்ளைக் கொக்கு நிற்கும்போது கேமரா இருளைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்து வைப்பது நல்லது. வெளிறிப்போன வெள்ளை இறகில் வரிகளை மீட்க மென்பொருளால் ஆகாது. உப்புக்காற்றில் பயன்படுத்திய லென்ஸை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். பூஞ்சை பிடித்தால் செலவு அதிகம். கடனில் வாங்கிய லென்ஸுக்கு இது இன்னும் பொருந்தும்.

இனி படகா, கரையா என்ற கேள்வி. இரண்டுக்கும் நியாயம் உண்டு. முடிவு எடுப்பவருடையது. படகில் போனால் நீர்மட்டத்துக்கு அருகில் கேமராவைத் தாழ்த்தி எடுக்கலாம், கரைக்கு வராத பறவையையும் நெருங்கலாம். படகின் பக்கம் சொல்ல இவ்வளவே உண்டு.

ஆடும் படகில் 600 மி.மீ. லென்ஸின் சிறு சட்டத்துக்குள் பறவையை நிறுத்துவதே பெரும்பாடு. மோட்டார் ஓசைக்கு மீன் கலையும், மீன் கலைந்தால் கொக்கு இடம் மாறும். ஆக, எதை எடுக்கப் போனாரோ அதைப் படகே கெடுத்துவிடும். மிஞ்சுவது பறவை எழும்பி ஓடும் படம். அதற்காகவே காசைக் கூட்டிக் கொடுத்து, கூட்டத்துக்கு நடுவே படகை விடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவந்த பறவை, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சில மாதங்களில்தான் உடம்பில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு விரட்டலும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுப்பது. விரட்டி எடுத்த படத்துக்குப் பரிசு கொடுத்த நடுவர்களும் உண்டு. பெரியப்பாவுக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மீனவர் பக்கமும் பார்க்க வேண்டும். பழவேற்காட்டில் பாடு என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த நாள் வலை கட்டுவது என்பதை ஊரார் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். வேடிக்கைப் படகு அந்த வலைக்குள் புகுந்தால் நட்டம் ஒரு குடும்பத்தின் அன்றைய உலை.

எல்லாவற்றுக்கும் மேலே உயிர். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் சுற்றிப்பார்க்கப் போன படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏரி ஆழமில்லாதது என்று சொல்பவர்கள் முகத்துவாரத்து நீரோட்டத்தைப் பார்க்காதவர்கள். ஆழமில்லாத இடத்திலும் உளை இருக்கிறது. முழங்கால் வரை புதைந்த காலை, தோளில் லென்ஸோடு தனியாள் இழுத்துக்கொள்ள முடியாது. இந்த வீட்டில் யாரும் தோணியில் கால் வைப்பதில்லை.

கரையில் வழி இல்லாமல் இல்லை. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் குறுக்கே செல்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். ஆளைக் கண்டு எழும்பும் பறவை நிற்கும் காருக்கு அவ்வளவாக அஞ்சாது. ஓரமாக வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஜன்னல் விளிம்பில் மணல்பையோ அரிசிப்பையோ வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் டிரைபாடே வேண்டாம். பனிக்காலத்தில் கதிரவன் தென்கிழக்கில் எழுவதால், காலையில் சாலையின் வடக்குப் பக்கத்துப் பறவைகள் நல்ல வெளிச்சத்தில் இருக்கும். வண்டிகள் விரையும் சாலை, கதவைத் திறந்து இறங்கக்கூடாது. ராக்கெட் ஏவுதள வாயிலை நெருங்கும்போது கேமரா பைக்குள் போய்விட வேண்டும்.

எங்கிருந்து எடுத்தாலும் செய்யக்கூடாதவை சில உண்டு. உயிர்மீனைத் தொட்டியில் விட்டு மீன்கொத்தியை வரவழைத்து எடுப்பது சில நாடுகளில் வழக்கம். பெயர் பெற்ற காட்டுயிர்ப் படப் போட்டிகள் உயிர் இரை வைத்து எடுத்த படங்களை ஏற்பதில்லை. கூடுகளை நெருங்குவது அதைவிடத் தவறு. வெயிலில் தாய் எழுந்துபோனால் முட்டையும் குஞ்சும் பிழைப்பது கடினம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டை என்றே வரையறுக்கிறது. வேடந்தாங்கல் ஊரார் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக்கூடாது என்று செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவு எழுதியது தடுப்பதற்காக அல்ல. இளங்கோவின் கண் இந்தக் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்காத கண். அவன் எடுத்த மடையான் படம் கூடத்தில், தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் பெரியம்மா அதைத்தான் காட்டுகிறாள். லென்ஸ் தவணையில் இரண்டு மாதத்தைப் பெரியப்பா கட்டுவார், சூளூர்பேட்டைக்குக் காரும் அனுப்புவார். அதிகாலையில் ஓட்ட முருகனையும் கூட அனுப்பலாம். அவன் பேசாமல் உட்கார்ந்திருப்பான், பறவை கலையாது. படகுதான் என்று முடிவானாலும் கோபமில்லை. உயிர்காப்பு உடை மட்டும் மேலே இருக்கட்டும். எதுவானாலும், பொங்கல் முடிந்து கிளம்புமுன் எங்கே போகிறான், எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
பெரியப்பா