சிறுகக் கட்டிப் பெருக வாழ்வோம்



வாழ்வில் முன்னேற வேண்டும், வீட்டில் வசதியாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் இல்லாதவர் எவருமில்லை. முன்னேற்றத்திற்குப் பெரிய படிப்பு வேண்டும் என்றும், வசதிக்குப் பெரும் பணம் வேண்டும் என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். படிப்பும் பணமும் தேவைதான். ஆனால் அவை வந்த பிறகும் துன்பப்படுகின்ற குடும்பங்கள் உண்டு; அவை குறைவாக இருந்தும் மனநிறைவோடு வாழ்கின்ற குடும்பங்களும் உண்டு. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் நாள்தோறும் கைக்கொள்ளும் சில சிறிய பழக்கங்களே. "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்ற பழமொழியின் பொருளை, நாம் வாழும் செட்டிநாட்டையே பாடநூலாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு வெற்று நோட்டு

மனையியல் பாடம் நடத்தும் நாங்கள் ஓர் ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். முப்பது நாட்களுக்கு வீட்டு வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும் என்பதே அது. ஒரு மாணவி மூன்று நாட்கள் எழுதிவிட்டு நிறுத்திவிட்டாள். நோட்டின் மற்றப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. காரணம் கேட்டபோது, "எழுத உட்கார்ந்தா அம்மா அழுறாங்க, டீச்சர்" என்றாள்.

அவளுடைய அக்காளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, பெரிய தொலைக்காட்சிப் பெட்டியும் சோபாவும் தவணையில் வாங்கியிருந்தனர். தவணை கட்டப் பணம் போதாமல் அந்தத் தாய் ஒருவரிடம் கைமாற்று வாங்கி, அதை அடைக்க இன்னொருவரிடம் வட்டிக்கு வாங்கி, கடைசியில் தம் தோட்டையும் அடகு வைத்திருந்தார். இவை எதுவும் அவருடைய கணவருக்குத் தெரியாது.

"எங்களிடம் நோட்டைக் காட்ட வேண்டாம், அம்மாவும் நீயும் மட்டும் எழுதுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். இருவரும் இரவில் உட்கார்ந்து எழுதினார்கள். ஒருநாள் தந்தை அந்த நோட்டைப் பார்த்துவிட்டார். அன்று அவர் ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள் மாலை தம்முடைய டீக்கடைச் செலவையும் அதே நோட்டில் தம் கையாலேயே எழுதி வைத்தாராம். பிறகு சோபாவை விற்றார்கள். இரண்டு கடன்கள் தீர்ந்தன. ஒன்று இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த வீட்டில் இப்போது மறைவான கடன் இல்லை. அக்குடும்பத்தின் இசைவோடு, பெயர் கூறாமல் இதை எழுதுகிறோம். கணக்கு எழுதுவதால் பணம் பெருகிவிடாது. ஆனால் ஒருவர் தனியே சுமந்த பாரத்தை இருவர் சேர்ந்து சுமக்க அது வழி செய்யும்.

செட்டிநாட்டின் கணக்குப் பழக்கம்

பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் முதலிய இடங்களில் நகரத்தார் கொண்டு விற்று வாழ்ந்த வரலாற்றை நாம் அறிவோம். அவர்களுடைய செல்வத்தை வியக்கிறோம். அச்செல்வம் வந்த வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கடைக்கு வேலைக்குச் சென்ற சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாக இருந்து, ஏவிய வேலைகளைச் செய்து, கணக்கைக் கண்ணால் பார்த்துக் கற்றான். பின் அடுத்தாள் ஆனான். அதன் பின்னரே பொறுப்புள்ள முகவராகக் கடலைக் கடந்தான். அன்றன்றைய வரவு செலவைக் குறிப்பில் எழுதிப் பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை எடுத்து, இருப்பும் நிலுவையும் இன்னதென்று கண்டனர். இலாபத்தில் ஒரு பகுதியை மகமை என்று அறத்திற்காகத் தனியே எடுத்து வைத்தனர். மிஞ்சியதைக் கொடுப்பது வேறு; முதலிலேயே எடுத்து வைத்துக் கொடுப்பது வேறு. அவர்கள் இரண்டாவதைச் செய்தார்கள்.

பெண்களுக்கும் ஒரு பயிற்சி இருந்தது. அதற்கு "வேறு வைத்தல்" என்று பெயர். மணமான மகனும் மருமகளும் அதே பெரிய வீட்டில்தான் இருப்பார்கள். ஆனால் சில காலத்திற்குப் பின் அவர்களுக்கு அடுப்பு தனி. ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று பெரியவர்கள் அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். மாமியார் அருகில் இருப்பார், அறிவுரை கிடைக்கும். ஆனால் கணக்கு இளம் மனைவியினுடையது. செல்வர் வீட்டு மருமகளும் அளவறிந்து வாழக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியுமா?

அக்காலத்துச் செல்வத்தின் முடிவும் ஒரு பாடமே. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். 1963இல் அந்நாட்டு வங்கிகளும் 1964இல் கடைகளும் அரசுடைமையாயின. தலைமுறைகளாகச் சேர்த்தவை கைநழுவின. இன்று பல பெரிய வீடுகள் ஆண்டில் சில நாட்கள் மட்டுமே திறக்கப்படுகின்றன. பிரிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு வைக்கப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். பொருள் போய்விட்டது. ஆனால் கணக்கறிவும் உழைப்பும் உடைய குடும்பங்கள் புதிய தொழில்களிலும் கல்வியிலும் மீண்டும் எழுந்தன. கொடுத்த பொருளும் அழியவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கியதால், 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் நம் ஊரில் திறக்கப்பட்டு இன்றும் பணி செய்து வருகிறது.

தவணை என்னும் கணக்கு

இப்போது கடைக்குப் போகாமலேயே கைப்பேசியில் ஒரு விரல் தொட்டால் பொருள் வீடு வந்து சேருகிறது. "மாதம் இவ்வளவுதான்" என்ற சொல் நம்மை மயக்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பொருளின் விலை 24,000 ரூபாய். மாதம் 2,300 ரூபாய் வீதம் 12 தவணை. கட்டும் மொத்தத் தொகை 27,600 ரூபாய். கூடுதல் 3,600 ரூபாய். இது 15 விழுக்காடு வட்டி என்று தோன்றும். உண்மை அதுவன்று. நாம் மாதந்தோறும் அசலைத் திருப்பிக் கொண்டே வருகிறோம்; 24,000 ரூபாயும் ஆண்டு முழுவதும் நம்மிடம் இருப்பதில்லை. குறைந்து வரும் நிலுவைக்குக் கணக்கிட்டால், வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 26 அல்லது 27 விழுக்காடு ஆகிறது. அதே குடும்பம் மாதம் 2,000 ரூபாய் சேர்த்தால் ஓராண்டில் 24,000 ரூபாய் கையில் இருக்கும். 3,600 ரூபாய் மிச்சம். பொருளின்றி ஓராண்டு காத்திருப்பதுதான் விலை.

எல்லாக் கடனும் தீதன்று. படிப்புக்கும், தொழிலுக்கும், மருத்துவத்திற்கும் கடன் வாங்க நேரலாம். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக வாங்கும் கடனையே நாம் அஞ்ச வேண்டும். வருவாய் சிறிதாயினும் செலவு அதனினும் பெருகாவிட்டால் கேடில்லை என்பது வள்ளுவர் கண்ட உண்மை.

குறைந்த செலவில் நிறைந்த வசதி

வசதி என்றால் என்ன? கோடையில் குளிர்ச்சி, நல்ல காற்று, நல்ல வெளிச்சம், தூய குடிநீர், வைத்த பொருள் வைத்த இடத்தில் இருத்தல் ஆகியவையே. இவற்றில் பலவற்றை நம் ஊர் வீடுகளைப் பார்த்தே கற்கலாம்.

காற்று: செட்டிநாட்டு வீட்டின் நடுவே வானம் பார்த்த வளவு வாசல் இருக்கிறது. சூடான காற்று இலேசானது. அது மேலெழுந்து வெளியேற, முகப்பிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நம் சிறிய வீட்டில் முற்றம் இல்லாமல் இருக்கலாம். எதிரெதிர்ச் சன்னல்களை விடியற்காலையிலும் மாலையிலும் திறந்து, வெயில் ஏறும்போது மூடித் திரையிட்டால் அதே பயன் ஓரளவு கிடைக்கும். சன்னலை மறைத்து பீரோவை வைப்பது கூடாது.

கூரை: மொட்டை மாடிக்குக் கோடை தொடங்கும் முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திருப்பி அனுப்பப்பட்டு, கீழே உள்ள அறையின் வெப்பம் குறையும். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பெரும் தீங்கு. ஆகையால் குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

தரை: காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் செய்யப்படும் பூக்கல் உலகப் புகழ் பெற்றது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புகிறார்கள். பின் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம் பளபளப்பாக வந்துவிடுகிறது. சூளையில் சுடுவதில்லை. இத்தரை கோடையில் காலுக்குக் குளுமையாக இருக்கும். நடக்க நடக்க மெருகேறும். வீடு முழுவதும் பதிக்க இயலாதவர் ஓர் அறைக்கு மட்டும் பதிக்கலாம். புளி, எலுமிச்சைச் சாறு, ஆசிட் ஆகியவை பட்டால் கறை படியும் என்பதை நினைவில் கொள்க. இதை வாங்கும்போது நம் மாவட்டத்துக் கைத்தொழிலாளியின் அடுப்பும் எரிகிறது.

குடிநீர்: மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பானையை ஈர மணலின் மேல், காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். கடத்திற்குப் பெயர் பெற்ற மானாமதுரை நம் மாவட்டத்திலேயே இருக்கும்போது பானைக்கு நாம் எங்கே போக வேண்டும்?

மழை நீர்: பெரிய வீடுகளில் நான்கு புறக் கூரை நீரும் வளவு வாசலில் விழ, அதை அண்டாக்களில் பிடித்தனர், மிகுந்தது ஊருணிக்குச் சென்றது. நாமும் மாடியைத் துடைத்து வைத்து, முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழை நீரைப் பிடிக்கலாம்.

வெளிச்சம்: பழைய 60 வாட் குண்டு பல்பு நாளைக்கு 5 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 9 யூனிட் ஆகும். அதே நேரம் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்றே மேல். ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைப்பதற்கோ ஒரு காசும் செலவில்லை.

ஒழுங்கு: பனையோலைக் கொட்டான்கள் சீர்வரிசைக்கு மட்டும் உரியவை அல்ல. வெங்காயம், பூண்டு, தையல் சாமான், எழுதுபொருள் ஆகியவற்றைத் தனித்தனியே வைக்க ஏற்றவை. தேடும் நேரம் மிச்சமானால் படிக்கும் நேரம் கூடும்.

வெற்றி தரும் ஐந்து பழக்கங்கள்

1. உறங்கும் முன் ஐந்து நிமிடம் அன்றைய வரவு செலவை எழுதுதல். சிறு செலவை விடாமல் எழுத வேண்டும்.

2. செலவுக்குப் பின் மிஞ்சியதைச் சேமிக்காமல், முதலிலேயே சேமிப்பை எடுத்து வைத்தல். நாளைக்கு 10 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3,650 ரூபாய். பத்து வயது நிரம்பியவர்கள் அஞ்சலகத்தில் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம்.

3. ஆசைப்பட்ட பொருளின் பெயரை எழுதி வைத்து ஒரு மாதம் காத்திருத்தல். மாத முடிவிலும் அது தேவை என்று தோன்றினால் வாங்கலாம். பெரும்பாலும் பட்டியலில் பாதி தானே உதிர்ந்துவிடும்.

4. உள்ளதைப் பழுது பார்த்துப் பயன்படுத்துதல். பொத்தான் தைக்கவும், குழாய்க்கு வாசர் மாற்றவும், நோட்டுக்கு அட்டை போடவும் தெரியாத படிப்பு நிறைவான படிப்பாகாது.

5. சிறிதாயினும் பிறர்க்கென ஒரு பங்கு ஒதுக்குதல். நம் வீட்டிலும் ஒரு மகமை உண்டியல் இருக்கட்டும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக் கணக்கைப் பெண் குழந்தைகளிடம் மறைக்காதீர்கள். "சின்னப் பிள்ளைக்கு எதற்கு?" என்று எண்ண வேண்டாம். வளர்ந்த பெண்ணுக்கு நீங்கள் செய்யும் சீரில் பாத்திரம் குறைந்தாலும் குறையட்டும், கணக்கறிவு குறைய வேண்டாம். கடனைக் கண்டு ஓடி ஒளியாமல் அதை எழுதிப் பார்க்கத் துணிந்த பெண் எந்த வீட்டுக்குச் சென்றாலும் அவ்வீட்டைத் தாங்குவாள். ஆண் குழந்தைகளுக்கும் இதே பாடம் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

செய்து பார்க்க

(அ) ஏழு நாட்கள் வீட்டுக் கணக்கை அம்மா, அப்பாவோடு சேர்ந்து எழுதுக. "இல்லாமலும் இருந்திருக்கலாம்" என்று நீங்கள் மூவரும் ஒப்பும் செலவுகளுக்கு அடியில் கோடிடுக.

(ஆ) 18,000 ரூபாய்ப் பொருளை மாதம் 1,750 ரூபாய் வீதம் 12 தவணையில் வாங்கினால் கூடுதலாகக் கட்டுவது எவ்வளவு? அப்பணத்தால் வீட்டுக்கு வேறு என்ன வசதி செய்யலாம்?

(இ) நண்பகலில் உங்கள் வீட்டில் மிகச் சூடான அறை எது? பணம் செலவிடாமல் அதைக் குளிர்விக்க மூன்று வழிகள் எழுதுக.

மாணவியரே! மூன்று நாளில் நின்ற நோட்டைப் பற்றி முதலில் கூறினோம் அல்லவா? அந்த நோட்டு நிறைந்துவிட்டது. அம்மாணவி இப்போது இரண்டாவது நோட்டில் எழுதி வருகிறாள். அதன் முதல் பக்கத்து முதல் வரி, "தம்பிக்குப் பென்சில், 5 ரூபாய்." உங்கள் நோட்டின் முதல் வரியை இன்றிரவே எழுதுங்கள்.