கைக்குழந்தை வீட்டில் செலவு குறைய

தடுப்பூசியில்தான் பெரிய மிச்சம். தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் ஆகும் நிமோகாக்கல் ஊசி உட்பட, தேசிய அட்டவணையில் உள்ள அனைத்தும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இலவசம் என்றால் தரம் குறைவு என்று நினைக்காதீர்கள். அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து, தேதி தவறாமல் போடுங்கள்.

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். பிறகு டப்பா மாவு வாங்குமுன் பக்கத்து அங்கன்வாடியில் பெயர் பதியுங்கள், சத்துமாவு கிடைக்கும். வீட்டில் செய்வதானால் முளைகட்டி உலர்த்திய கேழ்வரகு, அரிசி, பாசிப்பருப்பு மூன்றையும் தனித்தனியே வறுத்து, ஆறவைத்து அரையுங்கள். கொஞ்சமாக அரைப்பது நல்லது. நாள்பட்டால் வண்டு வைக்கும். 1 வயதுவரை உப்பு, சர்க்கரை, தேன் சேர்க்க வேண்டாம்.

பகலில் பழைய வேட்டித் துணி, இரவிலும் பயணத்திலும் மட்டும் டயப்பர் என்று பிரித்துக்கொண்டாலே மாதச் செலவு நன்றாகக் குறையும். அலசிய துணியை நல்ல வெயிலில் காயவையுங்கள்.

அக்கா பிள்ளையின் சட்டைகளைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். வாக்கர் மட்டும் யார் கொடுத்தாலும் வேண்டாம்: நடை பழக உதவாது, படியில் உருண்டுவிடும் ஆபத்து உண்டு.

தமிழக அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தில், பெண் குழந்தையானால் 10 வயதுக்குள் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்குங்கள். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும்.