தரையோடு முறிந்த மரக்காலுக்குக் கல்லால் ஒரு துணை

கேள்வி: ஐயா, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். மரவள்ளியும் சாமையும் போடுகிறோம். மாடுகள் உள்ளே வராமல் இருக்க அப்பா காலத்தில் மரக்கால் நட்டு முள்கம்பி கட்டியது. சில கால் தேக்கு, சில கால் உசிலை. போன ஐப்பசி மழையில் நான்கு கால்கள் தரையோடு முறிந்து கம்பியிலேயே தொங்குகின்றன. ஆனால் மேல்பக்கம் இன்னும் கெட்டி. ஆணி அடித்தால் ஆணிதான் வளைகிறது. பிடுங்கிவிட்டுக் கல்கால் போடச் சொல்கிறார்கள். எங்கள் காட்டுக்குக் கடைசி அரை மைல் தலைச்சுமைதான், கல்காலை யார் தூக்குவது? கொத்தனாரோ, பழைய குழியிலேயே நிமிர்த்திச் சுற்றிலும் சிமெண்டு கலவை ஊற்றினால் போதும் என்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகர், கல்வராயன் மலை வட்டம்

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு கால்களையும் விறகுக்கு வெட்டிவிடாதீர்கள். ஆணி இறங்காத அளவுக்கு வைரம் பாய்ந்த தேக்கும் உசிலையும் இன்று கடையில் அந்த விலைக்குக் கிடைக்காது. காப்புக்காட்டில் வெட்டுவது குற்றம். பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் தேக்கு போன்றவற்றை வெட்டுமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கையில் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் சரி.

உங்கள் கால்கள் தரைமட்டத்தில் மட்டும் முறிந்ததற்குக் காரணம் உண்டு. மரத்தைத் தின்பது பூஞ்சைக் காளான். அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். தரைக்கு மேலே காற்று உண்டு, ஈரம் தங்குவதில்லை. மரத்தின் ஈரப்பதம் நூற்றுக்கு 20-க்குக் கீழே இருந்தால் காளான் வளராது. மண்ணுக்குள் ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. இரண்டும் ஒன்றுசேரும் இடம், தரைக்கு நான்கு விரல் மேலிருந்து ஒரு அடி கீழ் வரை உள்ள அந்தப் பட்டைதான். கரையானும் அந்த வழியாகத்தான் ஏறும். இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரத்தில் பனியும் மூட்டமும் உள்ள உங்கள் மலையில் மண் காய்வதற்கும் நாளாகும். காற்று தள்ளும்போதும் மாடு உரசும்போதும் கால் வளைந்து கொடுக்க வேண்டிய இடமும் அதே பட்டைதான். ஆக, அங்கே முறிவது இயல்பு. மேலே நிற்கும் வைரக்கட்டைக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் சிமெண்டு யோசனை ஏன் பலிக்காது என்பது விளங்கும். கலவைக்குள் நிற்கும் மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சுருங்கியதும் மரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். அதில் இறங்கும் மழைநீருக்குப் போக வழி இல்லை. சிமெண்டு ஒரு கிண்ணமாகி, காலின் அடியை மாதக்கணக்கில் நீரில் ஊறவைக்கும். பார்வைக்கு உறுதியாக இருக்கும். சில வருடத்தில் அதே மட்டத்தில் மறுபடி முறியும், அப்போது சிமெண்டு உருண்டையையும் சேர்த்துத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். கொத்தனார் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். கல்லுக்கும் இரும்புக்கும் பொருந்துவது மரத்துக்குப் பொருந்துவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான்: மண்ணைத் தொடும் வேலையை மரத்திடமிருந்து எடுத்துக் கல்லிடம் கொடுத்துவிடுங்கள். முழுக் கல்கால் வேண்டாம், குட்டைக் கல் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து அங்குலச் சதுரத்தில் ஏழு அடிக் கருங்கல் கால் ஏறக்குறைய 90 கிலோ. நான்கு அங்குலச் சதுரத்தில் நான்கு அடிக் கல் 35 கிலோவுக்குள் அடங்கும். ஒரு ஆள் தோளில் வைத்து நடக்கலாம். கல்கால் விற்கும் இடங்களில் ஏற்றி இறக்கும்போது உடைந்த துண்டுகள் கிடக்கும். நான்கு அடிக்குக் குறையாத துண்டாகக் கேட்டு வாங்குங்கள். முழுக் காலின் விலை கேட்கமாட்டார்கள்.

வேலைக்கு முன் காலைச் சோதித்துவிடுங்கள். முறிந்த முனையிலிருந்து மேல்நோக்கி ஸ்க்ரூ டிரைவரால் நான்கு பக்கமும் குத்திக்கொண்டே வாருங்கள். தானாக இறங்கும் இடம் எல்லாம் சொத்தை. சுத்தியலால் தட்டினால் நல்ல கட்டை கணீரென்று கேட்கும், கெட்டது மந்தமாகக் கேட்கும். சந்தேகம் இருந்தால் மெல்லிய துளை ஒன்று போடுங்கள்: சுருள் சுருளாக வந்தால் உள்ளே நலம், பழுப்புப் பொடியாக வந்தால் கோறை. கடைசியாகச் சொத்தை தெரிந்த இடத்துக்கு நான்கு விரல் மேலே நேராக அறுத்துவிடுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம், காளானின் நூல்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் போயிருக்கும். உசிலையில் வெளிறு முழுக்கப் பொடியாகி நடுவைரம் மட்டும் மிஞ்சியிருந்தால், வெளிறைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அது மூன்று அங்குலத்துக்குக் குறைந்தால் மட்டும் அந்தக் காலை விட்டுவிடுங்கள்.

அறுத்த அடிமுகம்தான் மரம் நீரை அதிகம் குடிக்கும் வாய். மருந்தையும் அதே வாய்தான் குடிக்கும். மரத்துக்கென்று விற்கும் கரையான், பூஞ்சை மருந்தை ஒரு டப்பாவில் ஊற்றி, அறுத்த முனையை ஒரு இரவு அதில் நிறுத்தி வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; மிச்சத்தை ஓடையில் கொட்டாதீர்கள். மயில்துத்தம் கரைத்துத் தடவலாமா என்று சிலர் கேட்பார்கள். அது பூஞ்சையைத் தடுக்கும், ஆனால் மழையில் கரைந்துபோகும், போல்ட்டையும் கம்பியையும் அரித்துவிடும். வண்டிக் கழிவு எண்ணெயை மண்ணோரம் ஊற்றவே வேண்டாம். மரத்துக்குள் ஆழமாக இறங்காது, மண்ணைத்தான் கெடுக்கும். அடியைத் தீயில் கருக்கி நடும் பழக்கம் பல ஊரில் உண்டு. கருகுவது மேல்தோல் மட்டும், வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போய்விடும். நான் அதை நம்பி ஒரு காலையும் மண்ணுக்குள் விடமாட்டேன்.

இனிக் குழி. மண்ணுக்குள் மிஞ்சிய பழைய கட்டையைக் கடப்பாரையால் நெம்பி முழுக்க எடுத்துவிடுங்கள். விட்டால் அது கரையானுக்கு வீடு. இரண்டு அடி ஆழம் வேண்டும். அடியில் ஒரு கைப்பிடி உயரத்துக்கு ஜல்லி, அதன்மேல் கல். கல்லை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கால் எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கல் இருக்க வேண்டும். சரிவு நிலத்தில் பெரும்பாலும் அது கீழ்ப்பக்கம். அப்போது மரம் கல்லின் மேல் சாய்ந்து நிற்கும். எதிர்ப்பக்கம் வைத்தால் முழுப் பாரமும் போல்ட்டில் தொங்கும், ஒரே மழைக்காலத்தில் துளை விரிந்துவிடும். மண்ணையும் சரளையையும் அரை அடி அரை அடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசால் இடித்து இறுக்குங்கள். குழியை ஒரேயடியாக நிரப்பி மேலே மட்டும் மிதித்தால் கல் ஆடும். நன்றாக இடித்த சரளைமண்ணுக்கு மேல் இந்த வேலைக்குச் சிமெண்டு தேவையில்லை; ஐம்பது கிலோ மூட்டையை மலையேற்றும் செலவும் மிச்சம்.

கல் இரண்டு அடி வெளியே தெரியும். மரத்தின் அடிமுகம் தரையைத் தொடக் கூடாது, மூன்று விரல் இடைவெளி கட்டாயம். மொத்தப் பழுதுபார்ப்பின் உயிரும் அந்த மூன்று விரல்தான். அறுத்ததில் கால் குட்டையாகியிருக்கும்; ஒரு சாணுக்கு மேல் குறைந்தால் நான்கரை, ஐந்து அடிக் கல்லாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தையும் கல்லையும் சேர்த்துத் துளையிட்டு 12 மில்லிமீட்டர் ஜிஐ போல்ட் இரண்டை, ஒரு அடி இடைவெளியில், பெரிய வாஷரோடு முடுக்குங்கள். கீழ்ப் போல்ட் மரத்தின் முனையிலிருந்து ஆறு அங்குலமாவது மேலே இருக்கட்டும், இல்லையென்றால் முனை பிளக்கும். மின்சாரம் இல்லாத காட்டில் கல்லைத் துளைப்பது சிரமம். அங்கே பத்து கேஜ் ஜிஐ கம்பியால் இரண்டு இடத்தில் நான்கு சுற்றுச் சுற்றி, நடுவில் கம்பியைக் கொடுத்து முறுக்கி இறுக்கினாலும் நிற்கும். முதல் சித்திரை வெயிலில் மரம் சுருங்கும். அப்போது ஒருமுறை முறுக்கிவிட வேண்டும்.

கல்லே கிடைக்காவிட்டால் இரண்டு அங்குல ஆங்கிள். ஆறு மில்லிமீட்டர் கனத்தில் நான்கு அடித் துண்டு ஐந்தரைக் கிலோதான். கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ கடையிலேயே அளவாக வெட்டித் துளையும் போட்டு வாங்கினால் பஸ்ஸில் கொண்டுபோய்விடலாம். இரும்புக்கும் துரு பிடிப்பது அதே தரைமட்டத்தில்தான் என்பதால் அந்த இடத்தில் இரண்டு கை பெயின்ட் அடித்துவிட்டு நடுங்கள். இரண்டில் எது என்று கேட்டால் கல்லையே சொல்வேன். தூக்க ஆளில்லை என்றால் ஆங்கிளில் குற்றமில்லை.

மரத்துக்கு மரமே ஒட்டுப்போட முடியாதா என்ற எண்ணமும் உங்களுக்கு வரலாம். முடியும். ஜப்பானில் கோயில், வீட்டுத் தூண்களின் உளுத்த அடியை மட்டும் அறுத்துப் புதுக்கட்டையைப் பூட்டு வெட்டிப் பொருத்துவது பழைய தொழில். ஒசாகா கோட்டையின் ஓட்டேமோன் வாயிலில் ஒரு தூணுக்கு இப்படிப் போட்ட பூட்டு, வெளியிலிருந்து பார்த்தால் எந்தப் பக்கமாகவும் செருக முடியாததுபோல் தெரியும். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் உள்ளே எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று விளங்கியது. நம் பக்கத்திலும் கைக்குக் குறைவில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்த் தச்சர்களுக்கு ஒரு பாதிப்பூட்டு வெட்டுவது பெரிய வேலையே இல்லை. ஆனால் அந்தத் தூண்கள் கூரைக்குக் கீழோ கல் பீடத்தின் மேலோ நிற்பவை. வேலிக்கால் மண்ணில் நிற்பது. புதுக்கட்டையும் மண்ணுக்குள் போனால் அதே கதைதான். வீட்டு முன்வாசல் படல், திண்ணைத் தூண் என்றால் தச்சரைக் கூப்பிடுங்கள். காட்டு வேலிக்கு வேண்டாம்.

முறிந்த நான்கில் மூலைக்கால் ஏதாவது இருந்தால் கவனம். நடுக்காலுக்குக் கம்பி இருபக்கமும் இழுப்பதால் பாரம் ஈடாகிவிடும். மூலைக்கால் இரண்டு வரிசையின் இழுப்பையும் தனியே தாங்குகிறது. அதற்குக் குட்டைக் கல் மட்டும் போதாது. கம்பி ஓடும் இரண்டு திசையிலும் சாய்வாக ஒவ்வொரு முட்டுக்கால் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு முழுக் கல்காலைத் தூக்கச் செலவழிக்க முடியுமென்றால் அதை மூலையில் நடுங்கள்.

காட்டுப்பன்றிக்குப் பயந்து இந்த வேலியில் மின்கம்பியிலிருந்து நேராகக் கரண்டு கொடுக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது குற்றம், ஆளையும் கொல்லும்.

வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. மழை விட்டிருக்கும், மண் கடப்பாரைக்கு இளகிக் கொடுக்கும், கட்டையும் காய்ந்திருக்கும். அதுவரை தொங்கும் கால்களைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, மழை படாமல் இரண்டு கல்லின் மேல் படுக்கவையுங்கள். அடுத்த மழை தொடங்கும்போது கால்களுக்கு நடுவில் கிளுவைப் போத்தும் ஊன்றிவிடுங்கள். வேர் பிடித்துத் தடிக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அதற்குமுன் அதில் கம்பி கட்ட வேண்டாம்.

முறியாமல் நிற்கும் மற்றக் கால்களையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அரை அடி மண்ணைத் தள்ளி ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கும் கால்களை இப்போதே குறித்துக்கொண்டால், நான்கு கல்லுக்குப் பதில் தேவையான அத்தனையையும் ஒரே வண்டியில் மலையேற்றிவிடலாம்.